ஓட்டல் சர்வர் எழுதிய காதல் சோகப் பாடல்கள்

மெக்சிகோ நாட்டில் காதல் கைகூடினாலும் பாட்டு. கைவிட்டுப் போனாலும் பாட்டு! வயலின், டிரம்பெட், கித்தார் முழங்கப் பாடும் குழுவினருக்கு "மரியாச்சி" என்று பெயர்.

இவர்கள் பாடும் சோகப் பாடல்கள் பலவற்றை எழுதியவர், ஹோசே அல்பிரெடோ ஹிமெனெஸ். 1926-ம் ஆண்டு டோலோரஸ் ஹிடால்கோ என்ற ஊரில் பிறந்தவர்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பிறந்த ஊரை விட்டுத் தலைநகர் மெக்சிகோ சிட்டிக்கு வந்தார். அங்கு ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார்.

அவருக்கு இசைக்கருவி எதுவும் வாசிக்கத் தெரியாது. மெட்டை வாயால் பாடிக் காட்டுவார். தெரிந்தவர்கள் அதை இசைக்குறிப்பாக எழுதிக்கொள்வார்கள்.

ஆனாலும், காதலியைப் பிரிந்தவனின் வேதனை அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

1973-ல், 47 வயதில் இறந்தார். பிழைக்கப்போன ஊரில் புகழ் பெற்றவர், பிறந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறை, பெரிய மெக்சிகோ தொப்பி வடிவில் இருக்கிறது.