பெயின்டா, ஸ்டிக்கரா? வேனைக் கராஜில் விடுவதற்கு முன்

எங்கள் பழைய வேனின் இடப்பக்கக் கதவில், காலை வெயில் சாய்வாக விழும்போது, ஒரு தோணியின் உருவம் தெரியும். முன்பிருந்த உரிமையாளர் சுற்றுலா ஓட்டத்துக்காக ஒட்டிய ஸ்டிக்கரின் தடம் அது. ஸ்டிக்கரை உரித்து நான்கு வருடமாகிறது. அதன் அடியிலிருந்த பெயின்ட் வெயில் படாமல் புதிதாகவே இருக்க, சுற்றியிருந்தது மங்கிவிட்டது. எத்தனை தரம் பொலிஷ் போட்டும் தோணி போகவில்லை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வேனையே புதுப்பித்து ஓடியவர்கள் எங்கள் ஹெந்தளையில் ஏராளம். பின் சீற்றைக் கழற்றி மெத்தை போட்டு, நுவரெலியாவுக்கும் மடுவுக்கும் குடும்பத்தோடு தங்கிப் போகும் வேனாக மாற்றியவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: முழுதாக பெயின்ட் அடிப்பதா, ஸ்டிக்கர் ஒட்டுவதா?

அமெரிக்க மோட்டார் வீடுகளைப் பார்த்துப் பலர் முடிவெடுக்கிறார்கள். அங்கே விலை கூடியவற்றுக்கு முழு பெயின்ட், விலை குறைந்தவற்றுக்கு வெள்ளை உடம்பின் மேல் ஸ்டிக்கர். ஆனால் அந்த வண்டிகளின் சுவர் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அது துருப்பிடிக்காது. எங்கள் வேன் இரும்புத் தகடு. பள்ளியாவத்தைக் கடற்கரைக்கும் ஹமில்டன் கால்வாய்க்கும் பக்கத்தில் இரவு முழுக்க நிற்கும் வண்டியில் உப்புக் காற்று படிந்துகொண்டே இருக்கும். ஆகவே இங்கே முதற்கேள்வி அழகு பற்றியதல்ல. தகட்டில் துரு இருக்கிறதா என்பதுதான்.

சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு, மழைநீர் ஓடும் கூரைக் கான் ஆகிய இடங்களில் கையால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தால் அடியில் துரு. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் துரு மறையுமே தவிர நிற்காது. சிறிய காந்தமொன்றை உடம்பெங்கும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகட்டுக்கு மேலே தடித்த புட்டி இருக்கிறது. அங்கே டிங்கர் வேலை முடியாமல் பெயின்டும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம்.

தகடு நல்லதாக இருந்தால் ஸ்டிக்கர் மலிவான வழிதான். ஆனால் ஸ்டிக்கரில் இரண்டு சாதி. திரவமாக வார்த்து எடுக்கும் காஸ்ட் வினைல் மெல்லியது, வளைவுகளில் படிந்து நிற்கும். உருளையில் அழுத்தி இழுக்கும் கலண்டர் வினைல் மலிவு. ஆனால் சூடு ஏற ஏறச் சுருங்கப் பார்க்கும், ஓரம் கிளம்பும். எது ஒட்டப்படுகிறது என்பதைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கூரைக்கும் பொனெட்டுக்கும் வெயில் நேரே அடிப்பதால் வினைல் தயாரிப்பாளர்களே அந்தப் பகுதிகளுக்குக் குறைந்த காலத்துக்குத்தான் உத்தரவாதம் தருகிறார்கள். “ஐந்து வருட வாரண்டி” என்று வாயால் சொன்னால், கூரைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். புதிதாக அடித்த பெயின்டின் மேல் உடனே ஸ்டிக்கர் ஒட்டவும் கூடாது. உள்ளிருந்து கரைப்பான் ஆவி வெளியேறிக் குமிழ் கட்டும். சில கிழமைகளாவது பொறுக்க வேண்டும்.

முழு பெயின்ட் கூடுதல் காலம் நிற்கும், கீறினாலும் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். செலவும் நாட்களும் அதிகம். இதில் வேறொரு ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இருபொதிப் பெயின்டின் புகாரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் உண்டு. ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கும் பையனுக்கு அந்தத் துணி எந்தப் பாதுகாப்பும் தராது. பெயின்ட் அடிக்கும் கராஜுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெயின்ட் ஆவியால் அவதிப்பட்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ உள்ளூராட்சி சபைக்கோ முறையிடலாம்.

இனி வண்டியின் புத்தகம். வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறம் எழுதப்பட்டிருக்கிறது, இருக்கைகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளை வேனை நீலமாக்கினால், அது பெயின்டானாலும் முழு ஸ்டிக்கரானாலும், நிற மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். சீற்றைக் கழற்றினாலும் அப்படியே. லீசிங்கில் உள்ள வண்டியென்றால் முதலில் அந்தக் கம்பனியின் சம்மதம் தேவை. விபத்துக்குப் பின் காப்புறுதிக் கம்பனிக்காரர் புத்தகத்தையும் வண்டியையும் ஒப்பிடும்போது நிறம் வேறாக இருந்தால் பதில் சொல்வது கஷ்டம். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்திய அலங்காரங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கியபோது, காசு செலவழித்துப் பூட்டியதைக் காசு கொடுத்தே கழற்றியவர்கள் பலர். கண்ணாடியையும் இலக்கத்தகட்டையும் மறைக்கும் எதையும் ஒட்டாதீர்கள்.

வேலை பிழைத்துப் போனால் என்ன செய்வது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும். அப்படியோர் உத்தரவாதம் எழுதாமலே அந்த ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், சேவை பெற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் அழைத்து வழி கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம், அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. பிணக்கு கராஜோடு பேசித் தீரக்கூடியதென்றால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையும் இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

அந்த மூன்று மாதத்தை நான் தவறவிட்டேன். எங்கள் வேனின் கூரைக்கு மட்டும் ஒரு கராஜில் பெயின்ட் அடித்து, சில கிழமைகளிலேயே அது தகடு தகடாக உரிந்தது. “மழை முடியட்டும், அண்ணை, செய்து தாறன்” என்று ஒவ்வொரு தரமும் சொன்னார்கள். நானும் நம்பிக் காத்திருந்தேன். என் கையில் பில்லும் இல்லை, அடித்த பெயின்டின் பெயர் தெரிந்த ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. முற்பணம் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது வண்டியைக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும் கூரையும் திகதி தெரியப் படம் எடுக்கிறேன். டிங்கர் எங்கே, எத்தனை கோட், என்ன பெயின்ட் அல்லது என்ன வினைல், எத்தனை மாத வாரண்டி, முற்பணம் எவ்வளவு, எப்போது தருவது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுகிறோம். போன முறை கராஜ்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, நான் எழுத மறந்திருந்த ஹார்ட்னரின் பெயரைத் தானே எழுதிச் சேர்த்தார்.