கணனிப் படிவம் இணையத்துக்கு வரும்போது

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் இதுவரை எத்தனை படிவங்களை நிரப்பியிருக்கும் என்று கேட்டால் எண்ணிச் சொல்ல முடியாது. நிவாரணத்துக்கு ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, காணிக்கு ஒன்று. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் சொன்ன விபரங்களையே, 2012இல் அது மூடப்பட்டபின் மறுபடியும் சொல்ல நேர்ந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

இதற்கொரு காரணம், விபரங்கள் ஒவ்வொரு அலுவலகக் கணனிக்குள்ளும் தனித்தனியே அடைபட்டுக் கிடந்தமை. அந்தப் படிவத்தைத் திறக்க அதற்குரிய மென்பொருள் அதே கணனியில் இருக்க வேண்டும். கணனி பழுதானால் பதிவும் போயிற்று. இணையப் படிவம் அப்படியல்ல. அது சேவையகம் எனப்படும் பொதுக் கணனியில் இருக்கும். கைத்தொலைபேசியின் உலாவியிலும் அதைத் திறந்து நிரப்பலாம். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளுக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களம் இன்று இவ்வாறு விண்ணப்பம் ஏற்கிறது. ஓட்டத்தில் பத்திரங்களை இழந்தவர்களுக்கு இது சிறிய உதவியல்ல.

ஆனால் மாற்றம் இலகுவானதல்ல. இந்தியாவின் நிறுவன விவகார அமைச்சு, கணனியில் இறக்கி நிரப்பிய படிவங்களை 2022 முதல் படிப்படியாக இணையப் படிவங்களாக்கியது. விவசாயிகள் சேர்ந்து அமைத்த உற்பத்தியாளர் நிறுவனங்களும் அங்கேதான் கணக்குக் கொடுக்க வேண்டும். 2023 ஜனவரியில் பல படிவங்கள் மாறியபோது, பழகும்வரை மேலதிகக் கட்டணமின்றிக் கூடுதல் நாட்கள் கொடுத்தார்கள். பாதி நிரப்பிச் சேமித்து வைத்துப் பின்னர் தொடரும் வசதியும் அதில் உண்டு. அலைவரிசை வந்து வந்து போகும் எமது கிராமங்களுக்கு இந்த வசதி இல்லாத படிவம் பயன்படாது.

எமது சிக்கல்கள் வேறு சில. முதலாவது எழுத்து. பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அதில் "அம்மா" என்று தட்டினால், கணனி உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளையே. இணையத்துக்குத் தேவை யூனிகோட் தமிழ். மாற்றித்தரும் கருவிகள் உண்டு. என்றாலும் மாற்றியபின் குடும்பத்தவரை இருத்திப் பெயர்களை வாசித்துக் காட்டாமல் விடக்கூடாது. ஓர் எழுத்துப் பிசகினால் அடையாள அட்டையும் காணிப் பத்திரமும் இருவேறு ஆட்களுடையவையாகிவிடும். இரண்டாவது, அடையாள அட்டை இலக்கம். 2016க்கு முன் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். பின்னர் பன்னிரண்டு இலக்கம். தகப்பனுக்கு ஒருவிதம், மகனுக்கு இன்னொருவிதம். இரண்டையும் படிவம் ஏற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது நட்சத்திரக் குறியிட்ட கட்டம். கடதாசிப் படிவத்தில் உறுதி இலக்கம் தெரியாவிட்டால் கிராம அலுவலர் ஓரத்தில் "உறுதி இடப்பெயர்வில் தவறியது" என்று எழுதிவிடுவார். இணையப் படிவத்துக்கு ஓரம் கிடையாது. கட்டாயக் கட்டம் வெறுமையாக இருந்தால் அது அனுப்பவே விடாது. வாய்க்கு வந்த இலக்கத்தைப் போட்டு அனுப்பினால் அது பொய்த்தகவலாகி நாளை உங்களையே பிடிக்கும். ஆகவே "பத்திரம் தொலைந்தது", "தற்போது வேறிடத்தில் வசிக்கிறேன்" என்ற தெரிவுகளும், விளக்கம் எழுத ஓர் இடமும் வேண்டுமென்று, படிவம் தயாராகும்போதே உங்கள் கமக்காரர் அமைப்பு பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்கட்டும். தயாரானபின் கேட்டால் "சிஸ்டம் விடாது" என்பதே பதிலாக இருக்கும். நாமும் அந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பியிருக்கிறோம்.

இன்னொன்று. தொடர்பகக் கடையில் நிரப்பும்போது கடைக்காரர் தமது தொலைபேசி இலக்கத்தைப் போட்டுவிடுவதுண்டு. பின்னர் வரும் குறுஞ்செய்தியெல்லாம் அவருக்கே போகும். உங்கள் இலக்கத்தையே போடச் சொல்லுங்கள். அனுப்புமுன் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அனுப்பியதும் வரும் தொடரிலக்கத்துடன் ஒரு பிரதி அச்சிட்டு, குடும்ப அட்டையோடு பொலித்தீன் உறையில் வையுங்கள்.