சிங்கத்துக்குப் பூசிய தங்கம்

எடப்பாடியில் தங்கச்சி மகனுக்கு நாலாவது பிறந்தநாள். சிங்கம் உட்கார்ந்த கேக்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வாங்கிவரத் தாய்மாமன் நான் போனபோது, கேக் செய்பவர் சிங்கத்தின் பிடரியில் தங்கப்பொடியைத் தூரிகையால் தடவிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அளவு டப்பா. திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இரண்டே வரி: ‘நான் டாக்ஸிக்’, ‘அலங்காரத்துக்கு மட்டும்’.

“ஏனுங்க, இது திங்கற பொருளுங்களா?”

“விஷமில்லைன்னு போட்டிருக்குதுங்களே அண்ணா.”

அவர் ஏமாற்றவில்லை, நம்பியிருந்தார். கிரேயான் டப்பாவிலும் இதே ‘நான் டாக்ஸிக்’ உண்டு. அதற்காகக் கிரேயானை யாரும் குழந்தைக்கு ஊட்டுவதில்லை. தின்னத்தக்க பொடி என்றால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரை, 14 இலக்க உரிம எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். இவை இல்லாத மினுமினுப்பு பொம்மைக்கு ஆகும், வயிற்றுக்கு ஆகாது.

2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் தின்ற 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். மேலே பூசியிருந்த தங்கப்பொடியைச் சோதித்தால் கிட்டத்தட்ட அத்தனையும் செம்பு. மிசௌரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. கேக் பூவுக்குத் தூவும் பொடியில் எடைக்குக் கால்வாசி ஈயம்!

நம் ஊருக்கு இது புதிதில்லை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது ரோடமின்-பி என்ற சாயத்துக்காக. அது துணிக்குப் போடுகிற சாயம். தறி ஓடும் ஊரில் சாயம் கையைவிட்டுப் போகாத கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு கர்நாடகத்தில் சோதித்த 235 கேக் மாதிரிகளில் 12 தேறவில்லை. அவற்றில் இருந்தவை டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின் போன்ற நிறமிகள். இவை சட்டம் அனுமதித்த நிறமிகள்தான். ஆனால் பொதுவாக ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராம்தான் உச்சம். பொம்மை செய்யும் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவில் அடர் சிவப்பும் கறுப்பும் வரவழைக்க நிறமியைக் கொட்ட வேண்டியிருக்கும். ஆகவே கறுப்பு பேட்மேனைவிட வெளிர்நீல யானை நல்லது.

நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. பொம்மையின் கழுத்து நிற்கப் பல்குத்தியோ கம்பியோ செருகியிருப்பார்கள். வெட்டுமுன் எத்தனை என்று கேட்டு, எண்ணி எடுங்கள். கெட்டியான வெள்ளி உருண்டைகள் சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடியவை.

வாங்குகிறவருக்கு என்ன உரிமை? வீட்டில் கேக் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லில் அந்த 14 இலக்க எண் இருந்தாக வேண்டும். பலரும் அறியாதது, 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு: வாங்கும்போதே “இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே கொடுக்கலாம். குறை உறுதியானால் கட்டணம் திரும்பிவிடும். அரசு ஆய்வகம் எங்கள் மாவட்டத் தலைநகர் சேலத்திலேயே இருக்கிறது.

தின்றபின் குழந்தைக்கு முடியாமல் போனால் முதலில் ஆஸ்பத்திரி. மிச்சக் கேக்கைக் குப்பையில் போடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். பில், மருத்துவர் சீட்டு, டப்பாவின் போட்டோவும் வேண்டும். மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. நுகர்வோர் உதவிக்கு 1915. பாதிப்பு நிரூபணமானால் அதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை, கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரை, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் இழப்பீடு. சேலம் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கேக் விலை போன்ற சிறு தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

நான் அந்தப் பொடியை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லவில்லை. பிடரியையே வெட்டி எடுத்துவிட்டு, மொட்டைச் சிங்கத்தோடு வீட்டுக்கு வந்தேன். பழனி மலைக்குப் போய் டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிற எடப்பாடிக்கு ஒரு பிடரி பெரிய வேலையா? தேங்காயைத் துருவி, மஞ்சள்தூளும் சர்க்கரையும் பிசிறி, வெறும் சட்டியில் ஈரம் போக வதக்கினாள் தங்கச்சி. ரோஜா நிறம் வேண்டுமானால் பீட்ரூட் சாறு. ஒன்றே ஒன்று, மஞ்சளில் சமையல் சோடா பட்டால் சிவந்துவிடும். எங்கள் கரண்டியில் அது ஒட்டியிருந்தது போல, காதோரம் மட்டும் செக்கச்செவேல்.

“மாமா, சிங்கம் கோவமா இருக்குது” என்றான் பையன்.