வாடகை டிராக்டரும் மணிக் கணக்கும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குச் சங்கத்து டிராக்டர் உழவுக்குச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கத்தினர் கணக்கில் மூன்று மணி வேலை. ஓட்டுநர் கணக்கில் நான்கு. அந்த ஒரு மணி வழிப்பயணமா, தேநீர்க் கடையா என்பதிலேதான் பூசல் பிறக்கிறது.

யந்திரமே தன் கணக்கை எழுதிக் கொள்ளட்டும் என்பது இன்றைய யோசனை. எஞ்சின் ஓடிய நேரத்தையும் நின்ற இடத்தையும் குறித்து, பட்டியலைச் செல்பேசிக்கே அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. வேளாண்மைப் பொறியியல் துறையும் 'உழவன்' செயலியில் 'இ-வாடகை' வழியாக முன்பதிவும் முன்பணமும் பெறுகிறது. 2023இல் டிராக்டருக்கு வாடகை மணிக்கு ரூ.500.

நல்லதுதான். ஆயினும் மானி எதை அளக்கிறது என்று நாம் முதலில் கேட்க வேண்டும். பழைய டிராக்டர்களில் உள்ள மணிமானி கடிகாரம் அன்று. எஞ்சின் சுழற்சியை எண்ணுவது. குறித்த வேகத்தில் ஓடினால் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். பாதி வேகத்தில் ஓடினால் அரை மணிதான் காட்டும். மின்மானியோ, எஞ்சின் வீணே உறுமிக்கொண்டு நின்றாலும் முழு நேரத்தையும் எழுதிவிடும். ஒரே வயல், ஒரே உழவு, இரண்டு பட்டியல்! சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் நம் அங்கத்தினருக்கு இது வியப்பாக இருக்கும்; அவர்கள் துணியை முழம் போட்டுப் பார்த்து விடலாம், மணியை முழம் போட முடியாது.

பராமரிப்புச் செலவே இதில் பெரிய விஷயம். பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டும். வாடகை முழுவதையும் வருமானமென்று எழுதிவிட்டால், அந்த நாளில் பெட்டியில் பணம் இராது. யந்திரம் கொட்டகையில் நிற்கும். மணிக்கு ரூ.60 தனியே ஒதுக்கினால் 250 மணியில் ரூ.15,000 சேர்ந்துவிடும். 1962இலேயே இங்கிலாந்தில் பிரிஸ்டல் சிட்லி கம்பெனி, விமான எஞ்சின் பராமரிப்புக்குப் பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கத் தொடங்கிற்று. பழுதானால் நஷ்டம் கம்பெனிக்கே. ஆகவே எஞ்சினைக் கண்ணுங்கருத்துமாய்ப் பார்த்துக்கொண்டது.

எனவே பட்டியலில் உழவு, வழிப்பயணம், பராமரிப்பு ஆகிய மூன்றும் தனித்தனி வரியாக வரட்டும். பழுதாகி நின்ற நேரம் அங்கத்தினர் தலையில் ஏறலாகாது. ஐப்பசி மழை இறங்குமுன் மகாசபையில் இவற்றைத் தீர்மானித்து, மானிக்கு வேலை கொடுக்கலாம்.