பாலைவனத்து அருவியில் ஒரு ஜுருக்காரி

"நீ ஜுருக்காரி. ஆத்தங்கரைப் பிள்ளை. உனக்கு நீச்சல் தெரியாதா?"

மஸ்கட் விமான நிலையத்தில் என் பையை வாங்கிக்கொண்டே அண்ணன் கேட்ட கேள்வி இது. பெரியம்மா மகன். பதினோரு ஆண்டுகளாக ஓமானில் பொறியாளர் வேலை. அவரும் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர்தான். பதில் தெரிந்தே கேட்ட கேள்வி என்பதால் நானும் சிரித்துவிட்டேன்.

ஜுரு என்றதும் உங்களுக்கு நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி ஞாபகம் வரலாம். ஆட்டோ சிட்டி ஞாபகம் வரலாம், சிலருக்குக் கடலுணவுக் கடைகள். இவற்றுக்கெல்லாம் பின்னால் ஓர் ஆறு ஓடுகிறது. 1970களில் தொழிற்சாலைகள் பெருகியபோது கழிவு அந்த ஆற்றில் இறங்கியது. குவாலா ஜுரு மீனவர்களின் வலை வெறுமையானது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுடைய கதையை நாடறியச் செய்தது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு, மாசுபட்ட ஆறு என்று யாராவது எழுதினால் எங்கள் ஊர்ப் பெயரும் கூடவே வரும். முப்பத்தைந்து வயதுவரை நான் அந்த ஆற்றில் கால் நனைத்ததில்லை. பாலத்தைக் கடக்கும்போது அம்மா கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவார். அப்பா மட்டும் அந்த இடத்தில் காரை மெதுவாக ஓட்டுவார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

அப்படிப்பட்டவளை அண்ணன் கூட்டிக்கொண்டு போனது வாடி ஷாப் என்ற இடத்துக்கு. அரபு மொழியில் 'வாடி' என்றால் மலைகளுக்கு நடுவே நீர் ஓடும் பள்ளத்தாக்கு. பெரும்பாலானவை மழை பெய்தால் மட்டும் ஓடும், மற்ற நாளெல்லாம் வெறும் கூழாங்கல். வாடி ஷாப்பில் ஆண்டு முழுவதும் தண்ணீர் உண்டு. அதன் முடிவில், ஒரு குகைக்குள் அருவி.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். எங்களோடு அண்ணனின் வேலையிட நண்பர் ஒருவர், திருநெல்வேலிக்காரர். வழியில் பசியாறப் பரோட்டாவும் பால் தேநீரும். மஸ்கட்டிலிருந்து சூர் நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹஜர் மலைத்தொடர். மலை என்றால் நமக்குப் பச்சைதானே? அங்கே ஒரு புல்கூட இல்லை. சுட்ட செங்கல் நிறத்தில் மொட்டைப் பாறைகள், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. பினாங்கில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. மஸ்கட்டில் 100 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல வருடம். நமக்கு ஒரே நாளில் கொட்டிவிடும் மழை அது.

காரில் அண்ணன் இரண்டு முறை வானிலை அறிக்கையைப் பார்த்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை, எதற்கு இவ்வளவு கவலை என்று கேட்டேன். "இங்க மழை பெஞ்சா பிரச்சினை இல்லம்மா. அங்க பெஞ்சாதான்" என்று மலையைக் காட்டினார். எங்கேயோ தூரத்து மலையில் பெய்யும் மழை, வெயில் காயும் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக வந்து இறங்கும். மண் இல்லாத பாறை, தண்ணீரைப் பிடித்து வைக்காது. 2024 ஏப்ரலில் அப்படி வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் உள்பட ஏறக்குறைய இருபது பேர் ஓமானில் இறந்துபோனார்கள்.

'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்.' காலை நிகழ்ச்சியில் இந்த வரியை எத்தனை ஆயிரம் முறை வாசித்திருப்பேன்! பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் இருபது விநாடியை நிரப்பும் வரி. அதைக் கேட்டு ஒரு குடும்பம் வெளியே போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் என நான் யோசித்ததில்லை.

நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே காரை நிறுத்தினோம். அங்கிருந்து அக்கரைக்குச் சிறு படகு. போக வர ஆளுக்கு ஒரு ரியால் வாங்கினார்கள், அப்போது நம் பணத்தில் பதினொன்று, பன்னிரண்டு ரிங்கிட். படகுப் பயணம் இரண்டு நிமிடம்கூட இல்லை. பிறகு முக்கால் மணி நேர நடை. முதலில் பேரீச்ச மரங்கள், வாழை மரங்கள். வாழையைப் பார்த்ததும் எனக்குத் தோட்டத்து வீட்டுப் பின்கட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதன்பின் பாதை குறுகி, பாறை விளிம்பில் ஒற்றையடித் தடமாகிறது. வழுக்காத காலணி இல்லாமல் வராதீர்கள். நான் ஒருமுறை வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன்.

பாறைச் சுவரை ஒட்டி ஒரு சாண் அகலக் கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஃபலஜ் என்று பெயர். ஊற்றுநீரைக் கைப்பிடிச் சரிவில் தோட்டம்வரை கொண்டுபோகும் பழங்கால வேலை. ஓமானில் இன்னமும் ஏறக்குறைய 3,000 ஃபலஜ்கள் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நீர் முதலில் குடிக்க, பிறகு பள்ளிவாசலுக்கு, அதன்பின்தான் தோட்டத்துக்கு. யாருடைய தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பகலில் சூரிய நிழலை வைத்தும் இரவில் நட்சத்திரங்களை வைத்தும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

"எங்க ஊர்லயும் இதே முறைத்தண்ணிதான். நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பார், அவர் மடையத் திறந்தாத்தான் வயலுக்குத் தண்ணி" என்றார் திருநெல்வேலிக்காரர். நான் அவரிடம் 'நீர்வீழ்ச்சி' இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "அருவின்னு சொல்லுங்கம்மா. குத்தாலத்துல போய் நீர்வீழ்ச்சின்னு சொன்னா சிரிப்பாங்க. தண்ணி எங்க விழுது? அதுவா எறங்கி வருது." தமிழில் பேசிச் சம்பாதிக்கும் எனக்கு இது தேவைதான்.

எனக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நான்கு நாள் நீர் விநியோகத் தடை. வாளி, தொட்டி, குழந்தை குளிக்கும் பேசின் என்று வீட்டில் எல்லாவற்றிலும் நிரப்பி வைத்தோம். நேயர்கள் அழைத்து அழைத்துக் குமுறினார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 250 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் மாநிலம் நம்முடையது. அந்த ஒரு சாண் கால்வாயில் ஒரு கிராமமே வாழ்ந்திருக்கிறது.

பாதை முடிந்த இடத்தில் பச்சையும் நீலமும் கலந்த குளம். இனி நடக்க முடியாது, நீந்த வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்கள், சில இடங்களில் கால் எட்டும், சில இடங்களில் எட்டாது. கைப்பேசி, காலணி, பை எல்லாவற்றையும் பாறைமேல் வைத்துவிட்டு அண்ணன் கொண்டுவந்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தின. கீழே பார்த்தேன். மீன் தெரிந்தது, என் கால்விரல் நகத்தில் பூசியிருந்த சாயம் தெரிந்தது, அதற்கும் கீழே ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது.

அடுத்த அடி வைத்தேன், தரை இல்லை. கத்தினேன். அதை எழுதுவதில் வெட்கமில்லை. அண்ணனின் தோளைப் பிடித்து அவரையும் சேர்த்து அமுக்கினேன். திருநெல்வேலிக்காரர்தான் பின்னாலிருந்து என் தலையைத் தாங்கினார். தாமிரபரணியில் நீச்சல் படித்தவராம். "தண்ணியோட சண்டை போடாதீங்க. சாஞ்சு படுங்க, அது தூக்கும்." படுத்தேன். தூக்கியது.

கடைசிக் குளத்தின் முடிவில் இரண்டு பாறைகளுக்கு இடையே ஒரு பிளவு. தலை மட்டும் நுழையும் அகலம். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள். லைஃப் ஜாக்கெட்டோடு பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடிந்தது. திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை. அதனால்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

உள்ளே, மேலே எங்கோ திறந்த பாறையிலிருந்து வெளிச்சம் விழுந்தது. அதே வழியாக அருவியும். பெரிய அருவி ஒன்றும் இல்லை. தண்ணீர்மலைக்குப் பெயர் கொடுத்த நம் பினாங்கு அருவிக்குப் பக்கத்தில் இது குழந்தை. ஆனால் சத்தம்! என் வேலை எதிரொலி இல்லாத அறையில். அங்கே நான் பேசினால் குரல் சுவரில் பட்டு அப்படியே செத்துவிடும். இந்தக் குகையில் ஒரு சொட்டு விழுந்தாலும் நாலாபக்கமும் சுற்றி வந்தது. பதிவு செய்யக் கைப்பேசியைத் தேடினேன். அது வெளியே பாறைமேல் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அக்டோபரிலிருந்து மார்ச்வரை போங்கள், கோடையில் வெயில் தாங்காது. மலையில் மழை என்று அறிவிப்பு வந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள், விமானச்சீட்டுக் காசைப் பார்க்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் குளங்களில் இறங்க வேண்டாம், சிறு பிள்ளைகளை முதல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெண்களும் ஆண்களும் உடம்பை மறைக்கும் உடையில் குளிப்பதே அந்த ஊர் மரியாதை. பொழுது சாய்வதற்குள் படகுத்துறைக்குத் திரும்பிவிடுங்கள்.

அன்று இரவு மஸ்கட்டிலிருந்து அப்பாவை அழைத்தேன். குகை, பிளவு, நான் கத்தியது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நானும் ஆத்துலதான் நீச்சல் படிச்சேன்" என்றார்.

"எந்த ஆத்துலப்பா?"

"நம்ம ஆத்துலதான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரா அங்கதான் குதிப்போம். இப்ப பாலம் இருக்குல்ல, அதுக்குக் கொஞ்சம் மேல."

எனக்குப் பேச்சு வரவில்லை. வானொலியில் இரண்டு விநாடி மௌனம் விட்டாலே மேலதிகாரி கூப்பிடுவார். அன்று எவ்வளவு நேரம் விட்டேன் என்று தெரியாது.

"தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று அவரே கேட்டார். "அடி தெரிஞ்சதா?"

"தெரிஞ்சதுப்பா. கல்லு கல்லாத் தெரிஞ்சது."

"ம்" என்றார் அப்பா. "எங்களுக்கும் தெரிஞ்சது."