கன்றுக்கு முதல் மருந்து சீம்பால்

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் என்று மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களைப் பார்த்துப் பார்த்து வளர்க்கிறோம். அதே அக்கறை ஆடு, மாடு, கோழியின் வயிற்றுக்கும் வேண்டும். வைக்கோலை மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் செரித்துக் கொடுக்கின்றன. குடலில் நல்ல கிருமிகள் இடம் பிடித்துவிட்டால், கெட்ட கிருமி வந்து ஒட்டுவது கஷ்டம்.

இதைக் கோழியில் காட்டியவர்கள் பின்லாந்து ஆய்வாளர்கள் நுர்மியும் ரந்தலாவும். ஆரோக்கியமான கோழியின் குடலில் இருந்ததைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது சால்மோனெல்லா தொற்று குறைந்தது என்று 1973-இல் எழுதினார்கள். தாயோடு மேயும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு இது தாயிடமிருந்தே கிடைத்துவிடுகிறது. இன்குபேட்டர் குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கன்றுக்கு எல்லாம் சீம்பாலில் தொடங்குகிறது. சுத்துக்கேணியானாலும் பாகூரானாலும், "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. பசுவின் நோய் எதிர்ப்புச் சக்தி சினையிலேயே கன்றுக்குப் போய்ச் சேராது; சீம்பால் வழியாகத்தான் வரும். அதைக் குடல் அப்படியே உறிஞ்சுவது முதல் ஒரு நாள்தான். அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். நல்ல கிருமிகள் குடலில் பெருகவும் சீம்பாலே தீனி.

அதனால் கன்று பிறந்து 2 மணி நேரத்துக்குள் ஊட்ட விடுங்க. எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளிலேயே உள்ளே போகணும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். இரண்டு மூன்று தடவையாகக் கொடுக்கலாம். கன்று ஊட்டும்போது பசுவின் கருப்பை சுருங்கும். நஞ்சுக்கொடி விழவும் அது உதவி. கன்று குடித்த மிச்சம்தான் நம்ம வீட்டுக்கு.

வளர்ந்த மாட்டுக்கும் கவனம் வேண்டும். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பானை பானையாகச் சோறு வைத்தால், வயிற்றில் அமிலம் ஏறி நல்ல கிருமிகள் செத்துப்போகும், மாடே சாகலாம். ஒரு கைப்பிடி போதும். தீவனத்தை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்க.

ஆன்டிபயாடிக் நல்லது கெட்டது பார்க்காமல் கொல்லும். தீவனத்தில் கலந்துவந்த கோலிஸ்டின் மருந்தை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது. கடையில் விற்கும் புரோபயாடிக் பொடி உயிருள்ளது. வெந்நீரில் கலந்தால் வீண். சீம்பால் தவறிய கன்றுக்கு அது ஈடாகாது.

கன்று கழிந்தால் தண்ணீர்ச் சத்து குறையவிடாமல் உப்பு, சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்க. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.