மாற்றுச் செயலிக்கடை: யாரை நம்பி வாங்குவது?

கூகுள் பிளே என்னும் கடை ஆண்ட்ராய்டுக் கைபேசியின் ஓர் உறுப்பு என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. அது ஒரு கடை, அவ்வளவே. 2008 அக்டோபரில் ‘ஆண்ட்ராய்டு மார்க்கெட்’ என்ற பெயரில் திறக்கப்பட்டு, 2012 மார்ச்சில் இன்றைய பெயரைப் பெற்றது. அந்தக் கடையை விட்டு வேறிடத்தில் செயலி வாங்கி நிறுவிக்கொள்ளவும் ஆண்ட்ராய்டில் வழி உண்டு. அந்த வழியில் செல்வோர் எதைப் பார்த்துச் செல்லவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வேறு கடையை நாடுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கூகுள் கணக்குத் தொடங்காமலே கைபேசியைப் பயன்படுத்தச் சிலர் விரும்புவர். விளம்பரமும் வேவும் இல்லாத செயலியைச் சிலர் தேடுவர். 2019 மே மாதத்து அமெரிக்கத் தடைக்குப்பின் புதிதாக வந்த ஹுவாவே கைபேசிகளில் கூகுள் கடையே இல்லை. அவற்றை வாங்கியவர்கள் வேறு கடைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் நம் விடுதியில் நான் காணும் காரணம் பெரும்பாலும் இவற்றுள் எதுவும் அன்று. “அண்ணா, இதில் காசு கட்டாமலே எல்லாம் கிடைக்கும்” என்று முதலாண்டுத் தம்பி ஒருவர் ஒரு செயலியைக் காட்டினார். படத்தொகுப்புச் செயலி. கட்டணம் கட்டினால்தான் திறக்கும் வசதிகள் அனைத்தும் அதில் திறந்து கிடந்தன. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நண்பர் அனுப்பினார் என்றார். அந்த நண்பருக்கு யார் அனுப்பினார் என்பது அவருக்குத் தெரியாது. அன்றுதான் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று துணிந்தேன்.

இது விளையாட்டுக் காரியமன்று. நம் மாணவியர் பலருக்கு வரும் புதுமைப்பெண் திட்டத்து 1000 ரூபாயும், மாணவர்க்கு வரும் தமிழ்ப்புதல்வன் தொகையும், பிற உதவித்தொகைகளும் வங்கிக் கணக்கிற்கே வருகின்றன. அக்கணக்கைத் திறக்கும் ஓ.டி.பி. எண் குறுஞ்செய்தியாக வந்து விழுவது இதே கைபேசியில்தான். குறுஞ்செய்தியைப் படிக்க ஒரு திருட்டுச் செயலிக்கு அனுமதி கொடுத்துவிட்டால், பெட்டிச் சாவியைப் பெட்டியின் மேலேயே வைத்ததற்கு ஒப்பாகும்.

கடையின் தராதரத்தை அறியுமுன், கடைச்சரக்கைப் பற்றிச் சிறிது அறியவேண்டும். ஆண்ட்ராய்டுச் செயலி நம் கைக்குப் பெரும்பாலும் ஏ.பி.கே. எனப்படும் கோப்பாக வருகிறது. ஒவ்வொரு ஏ.பி.கே.யிலும் அதை வெளியிட்டவரின் எண்முறைக் கையொப்பம் இருந்தாகவேண்டும். இல்லையேல் கைபேசி அதனை நிறுவாது. பருவத்தேர்வு நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்டு வரும் வினாத்தாள் கட்டை நினைத்துப் பாருங்கள். முத்திரை கலையாமல் இருந்தால், இடைவழியில் எவரும் பிரிக்கவில்லை என்று கொள்ளலாம். வினாக்கள் எளியவையா, பாடத்திட்டத்திற்கு உட்பட்டவையா என்பதை முத்திரை சொல்லாது. கையொப்பமும் அத்தகையதே. கோப்பின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணக்கிட்டுப் பெற்ற ஒரு சுருக்க எண்ணின்மீது, ஆக்கியவர் தம்மிடம் மட்டுமே உள்ள இரகசியத் திறவுகோலால் அக்கையொப்பத்தை இடுகிறார். பின்னர் எவரேனும் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு ஒத்துவராது. முத்திரை உடைந்ததாகக் கைபேசி கண்டுகொள்ளும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு செயலியை நிறுவியதும் அதன் கையொப்பத்தைக் கைபேசி நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த பதிப்பு வரும்போது அதே கையொப்பம் இருந்தால்தான் பழையதன்மேல் புதியதை ஏற்கும். ஆகவே ஏற்கெனவே இருக்கும் நல்ல செயலியின் மேல் போலிப் பதிப்பை ஏற்றுவது எளிதன்று. ஆனால் முதன்முறை நிறுவும்போது? ஒப்பிட்டுப் பார்க்கக் கைபேசியிடம் பழைய கையொப்பம் எதுவும் இல்லை. வந்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. அந்த முதல் முறைக்குப் பிணை நிற்பது கடை ஒன்றே. எனவே எந்தக் கடையில் அதிகச் செயலிகள் உண்டு என்று பார்ப்பதைவிட, எந்தக் கடை எதற்குப் பிணை நிற்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

தம்பி காட்டிய செயலிக்கு வருவோம். ‘மோட்’ என்று வழங்கும் இவ்வகைச் செயலிகளில் வைரஸ் உண்டா இல்லையா என்று ஆராயவே தேவையில்லை என்பது என் கருத்து. மூலச்செயலியைப் பிரித்து மாற்றினால் பழைய கையொப்பம் அழிந்துவிடும். மாற்றியவர் தம் கையொப்பத்தை இட்டே வெளியிட முடியும். அஃதாவது, வினாத்தாள் கட்டைப் பிரித்து, உள்ளே ஏதோ செய்து, வேறொருவர் முத்திரையை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அவற்றுடன் வரும் குறிப்பில் ‘முதலில் அசல் செயலியை நீக்கிவிடுங்கள்’ என்று எழுதியிருப்பார்கள். அசல் இருந்தால் கையொப்பம் மாறுபட்டுக் கைபேசி மறுத்துவிடும் அல்லவா! ‘பிளே புரொடெக்டை அணைத்துவிடுங்கள்’ என்ற அடுத்த வரியையும் பார்த்திருப்பீர்கள். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வா என்று அழைப்பவர் எத்தகையவர் என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை.

கடைகள் எல்லாம் ஒரே வகையல்ல. சில கடைகள் பிறர் வெளியிட்ட ஏ.பி.கே. கோப்புகளை வாங்கி அடுக்கி வைப்பவை. அவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. ஏ.பி.கே.மிரர் என்னும் தளம் புதிய பதிப்பின் கையொப்பம் பழைய பதிப்பினதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தே வெளியிடுகிறது. மோட் சரக்கை ஏற்பதில்லை. ஆப்டாய்டில் முறை வேறு. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பனில் தோன்றிய அந்தச் சந்தையில், பயன்படுத்துவோரே தத்தம் சிறுகடைகளை விரித்துக்கொள்ளலாம். சந்தை பெரிது, எந்தக் கடையில் நிற்கிறோம் என்பதை நாமே பார்த்துக்கொள்ளவேண்டும். 2020 ஏப்ரலில் ஆப்டாய்டில் கணக்கு வைத்திருந்த 2 கோடிப் பேரின் மின்னஞ்சல் முதலிய விவரங்கள் களவாடப்பட்டு வெளியாயின. செயலி இறக்கக் கணக்குத் தொடங்கச் சொல்லும் கடை, நம்மைப் பற்றிய விவரத்தையும் காக்கவேண்டிய கடமையை மேற்கொள்கிறது என்பதை இது காட்டும்.

2021 ஏப்ரலில் நடந்தது இதனினும் வியப்பானது. ஏ.பி.கே.பியூர் என்னும் கடையின் செயலியிலேயே, 3.17.18 என்ற பதிப்பில், தீய நிரல் புகுந்திருப்பதைக் காஸ்பர்ஸ்கை நிறுவனத்தார் கண்டறிந்தனர். விற்ற சரக்கில் அன்று. கடையின் சுவரிலேயே ஓட்டை. விளம்பரம் காட்டுவதற்காகச் சேர்த்த பிறருடைய நிரல்தொகுதி வழியாக அது நுழைந்தது. அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள்.

அப்படியானால் கூகுள் கடையே போதும் என்று முடிவுகட்டிவிடலாமா? 2019 ஆகஸ்டில் அதே காஸ்பர்ஸ்கை நிறுவனத்தார் கேம்ஸ்கேனர் என்ற செயலியில் தீய நிரலைக் கண்டனர். நாம் பாடக்குறிப்புகளைப் படமெடுத்துப் பி.டி.எஃப். ஆக்கப் பயன்படுத்திய அதே செயலிதான். கூகுள் கடையிலிருந்து 10 கோடி முறைக்குமேல் இறக்கப்பட்டது அது! கூகுள் அதனை நீக்கியது. திருந்திய பதிப்பு பின்னர் வந்தது. 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்றாயிற்று. அந்தத் தடைக்குப் பிறகு நடந்ததையும் குறிப்பிடவேண்டும். டிக்டாக்கைத் தேடி அலைந்தவர்களுக்கு ‘டிக்டாக் புரோ’ என்ற பெயரில் ஒரு போலி ஏ.பி.கே. குறுஞ்செய்தியிலும் வாட்ஸப்பிலும் உலவியது. மக்களை எச்சரித்து மகாராஷ்டிர சைபர் காவல்துறை அறிவிப்பே வெளியிட நேர்ந்தது. இன்று திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் பெயரிட்டு அதே தந்திரம் நடக்கிறது. அழைப்பிதழ் படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், ஏ.பி.கே. ஆக வருவதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கடை எஃப்-டிராய்டு. 2010-இல் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்கள் நன்கொடையைக் கொண்டு நடத்துகிறார்கள். மூலநிரல் வெளிப்படையாக உள்ள கட்டற்ற செயலிகளுக்கு மட்டுமே அதில் இடம். பெரும்பாலான செயலிகளில், ஆக்கியவர் கொடுத்த ஏ.பி.கே.யை வாங்கி வைக்காமல், மூலநிரலை வாங்கித் தாங்களே தொகுத்து, தங்கள் கையொப்பத்தை இட்டு வெளியிடுகிறார்கள். ஓட்டல்காரர் சமையற்கட்டைத் திறந்து வைத்திருப்பது போல. அரிசி எது, எண்ணெய் எது என்று எவர் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். நாமெல்லோரும் பார்க்கப் போவதில்லைதான். நான் இயற்பியல் படிப்பவன், எனக்கும் அவ்வளவு நிரல் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரிந்தவர் உலகில் சிலர் பார்த்தால் போதும், மறைப்பது கடினம்.

கணக்குத் தொடங்கவேண்டாம், மின்னஞ்சல் கேட்பதில்லை. விளம்பரம் காட்டும், பயனரைப் பின்தொடரும், கட்டற்றதல்லாத சேவையைச் சார்ந்திருக்கும் குணம் ஒரு செயலிக்கு இருந்தால், அதனைச் செயலியின் பக்கத்திலேயே குறையாகக் குறித்து வைக்கிறார்கள். தன் சரக்கின் குறையைத் தானே எழுதி வைக்கும் கடைக்காரரை வேறெங்கு கண்டோம்? வி.எல்.சி., விக்கிப்பீடியா, இணையமின்றி வரைபடம் காட்டும் ஆஸ்ம்ஆண்ட் ஆகியவை அங்கு உண்டு. ‘சிம்பிள் மொபைல் டூல்ஸ்’ என்ற சிறு செயலித்தொகுதியின் வரலாறு இக்கடையின் பயனைக் காட்டும். விளம்பரமற்றவை என்று பெயர் பெற்ற அச்செயலிகள் 2023 இறுதியில் ஒரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. மூலநிரல் வெளிப்படையாக இருந்ததால், அதனைக் கொண்டே ஃபாசிஃபை என்ற பெயரில் வேறொரு குழு பழைய வழியில் தொடர்ந்தது. அவை இன்று எஃப்-டிராய்டில் கிடைக்கின்றன.

குறைகளையும் சொல்லவேண்டும். வங்கிச் செயலியோ வாட்ஸப்போ அங்குக் கிடைக்கா. புதிய பதிப்பு சில நாள் தாமதித்து வரும். கையொப்பம் மாறுவதால், கூகுள் கடையில் வாங்கிய செயலியின்மேல் எஃப்-டிராய்டுப் பதிப்பைப் பெரும்பாலும் ஏற்ற முடியாது. பழையதை நீக்கவேண்டும், அதிலுள்ள தகவலும் போய்விடும். முன்னதாகப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனங்களின் கடைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சாம்சங், ஹுவாவே போன்றோர் தத்தம் கைபேசிக்குக் கடை வைத்திருக்கிறார்கள். கைபேசியையே அவரிடம் வாங்கியபின் கடையை மட்டும் நம்பாதிருப்பதில் பொருளில்லை. போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் கடை, ஆங்கிலத்தோடு 12 இந்திய மொழிகளில் இயங்குவதாக வெளிவந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஊரிலுள்ள பெற்றோர்க்குத் தமிழில் செயலியின் விளக்கம் படிக்கக் கிடைப்பது சிறிய நன்மையன்று. பெரிய பெயர் மட்டும் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அமேசான் காட்டியது. 2011 மார்ச்சில் திறந்த ஆண்ட்ராய்டுச் செயலிக்கடையைத் தன் சொந்தக் கருவிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றக் கைபேசிகளில் 2025 ஆகஸ்ட் 20-ஆம் நாள் மூடிவிட்டது. மூடிய கடையின் சரக்குக்குத் திருத்தம் வராது. திருத்தம் வராத செயலி நாளடைவில் பழுதுபட்ட பூட்டாகிவிடும்.

2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் அடையாளத்தைப் பதிவுசெய்த ஆக்குநரின் செயலியை மட்டுமே, எந்தக் கடையில் வாங்கினாலும், சான்றுபெற்ற ஆண்ட்ராய்டுக் கைபேசி ஏற்கும் என்பது அது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய 4 நாடுகளில் தொடங்கி, 2027 முதல் பிற நாடுகளுக்கும் விரியும் என்று கூறியது. தன் வழியே அடைபடும் என்று எஃப்-டிராய்டு கடுமையாக எதிர்த்தது. விவரமறிந்தோர்க்குத் தனிவழி வைப்பதாக அதே ஆண்டு நவம்பரில் கூகுள் சொன்னது. மோசடிக்காரரைப் பிடிக்க முகவரி உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் முகவரி தெரிந்தவர் செய்த பண்டம் நல்ல பண்டம் என்று ஆகிவிடாது. கேம்ஸ்கேனரை ஆக்கியவர் முகவரியில்லாதவர் அல்லர்.

இனிக் கைபேசியில் செய்யவேண்டுவது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே கொடுக்கப்படுகிறது. தேர்ந்தெடுத்த கடைச்செயலிக்கு மட்டும் கொடுங்கள். வாட்ஸப்புக்கும் உலாவிக்கும் கொடுத்திருந்தால் இன்றே அணையுங்கள். கடையை முதலில் இறக்க உலாவிக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இறக்கியதும் திரும்பப் பெற்றுவிடுங்கள். அந்தக் கடையையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், நண்பர் அனுப்பிய கோப்பிலிருந்து அன்று. அதன்பின் ஒரு செயலி என்ன கேட்கிறது என்று பாருங்கள். குறுஞ்செய்தி படித்தல், அறிவிப்புகளைப் படித்தல், ‘அணுகல்தன்மை’ ஆகிய அனுமதிகளே பணத்திருடர்கள் நாடுபவை. அணுகல்தன்மை என்பது கண்பார்வை குறைந்தோர் முதலியோர்க்காக ஏற்பட்ட நல்ல வசதி. ஆனால் அதைப் பெற்ற செயலி திரையைப் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் வல்லது. கால்குலேட்டர் இவற்றைக் கேட்டால் நீக்கிவிடுங்கள்.

ஐயத்திற்குரிய செயலி ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால், முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செயலியை நீக்குங்கள். நீக்க மறுத்தால், அமைப்புகளில் ‘சாதன நிர்வாகி’ என்ற பட்டியலில் அது இடம்பெற்றிருக்கும். அங்கு அதன் குறியை எடுத்துவிட்டுப் பிறகு நீக்கலாம். கடவுச்சொற்களை வேறொரு கைபேசியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்வதோடு 1930 என்ற எண்ணுக்கும் உடனே பேசுங்கள். நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண் அது. பணம் திருடர் கணக்கிலிருந்து வேறு கணக்கிற்குப் போகுமுன் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. ஆகையால் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.